ஹர்த்தாலுக்குப் பழகிய சைக்கிள்

போன ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாததுமாகத் திருவனந்தபுரம் கரமனையில் என் வீட்டு வாசலில் ஒருவன் வந்து நின்றான். உடம்போடு ஒட்டிய கறுப்புக் கால்சட்டை, கிளிப்பச்சை பனியன், தலையில் பாதிப் பலாக்கொட்டையைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி. பால்காரர் இப்படி வரமாட்டாரே என்று உற்றுப் பார்த்தேன். என் அக்காள் மகன் கண்ணன். கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அடுத்த மாதம் கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகப் போகிறானாம். அவன் போகிற முதல் நீண்ட பயணம். அதற்குப் பயிற்சி நடக்கிறது. வழியில் மாமா வீட்டில் ஒரு காப்பி.

காப்பி ஆறுவதற்குள் போனை எடுத்துக் காட்டினான். எங்கே ஏறினான், எங்கே இறங்கினான், எந்த வளைவில் இதயம் எப்படி அடித்தது என்பதெல்லாம் அதில் கோடு கோடாக இருந்தது. இந்த மாதிரி விட்டு விட்டு மிதிப்பதற்கு இன்டர்வெல் ட்ரெய்னிங் என்று பெயராம். எங்கள் காலத்தில் இன்டர்வெல் என்றால் தியேட்டரில் முறுக்கு தின்பது. அதற்கு மட்டும் எனக்குப் பயிற்சி தேவைப்பட்டதில்லை.

பேசிக்கொண்டே பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துச் செயினுக்கு இரண்டு சொட்டு விட்டான். நான் குனிந்து முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை. ஒரு செயின் எண்ணெய்க்கு வாசனை இல்லாமல் இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. என் செயினுக்கு நான் தேங்காய் எண்ணெய் விட்டவன். தலைக்கும் அதே குப்பி, அப்பளத்துக்கும் அதே குப்பி. நான் சைக்கிளில் வந்து இறங்கினால் யார் வீட்டிலோ அப்பளம் பொரிக்கிறார்கள் என்று தெருவே நினைக்கும். விவரம் தெரிந்தவர்கள் அந்தத் தேங்காய் எண்ணெயில் மண் சேர்ந்து செயின் கெட்டுவிடும் என்பார்கள். கெட்டதுதான். ஆனால் அந்த மணம் நாசிக்குள் எங்கோ இன்னும் இருக்கிறது போல. வாசனையில்லாத எண்ணெயை முகர்ந்த மறு விநாடி எனக்கு அதுதான் அடித்தது. கூடவே ஒரு வெள்ளிக்கிழமையும் வந்தது.

அப்போது நான் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் விற்பனைக்கு நின்றேன். சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். தங்கல் ஸ்ரீவராகத்தில், அக்கிரகாரத்து வீடு ஒன்றின் முன்னறையில். அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். எனக்கு அக்காள், அக்காளுக்கு நான். அவளை வித்துராவில் கட்டிக் கொடுத்திருந்தோம். அத்தானுக்கு அங்கே சந்தையில் வாழைக்குலைக் கடை. நல்ல மனுஷர். வாய் மட்டும் அளவில் கொஞ்சம் பெரியது.

கண்ணன் பிறந்ததற்கு நான் வித்துரா போகவேண்டிய நாளில் ஹர்த்தால். பெயர் வைத்த அன்றும் ஹர்த்தால். நீங்கள் வெளியூர்க்காரர் என்றால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஹர்த்தால் என்றால் அன்று பஸ் ஓடாது, கடை திறக்காது, கல்யாணமே வைத்திருந்தாலும் மாப்பிள்ளை யார் பைக்கின் பின்னாலாவது உட்கார்ந்துதான் வரவேண்டும். இரண்டு முறையும் நான் தம்பானூரில் பஸ் இல்லாத பஸ் நிலையத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மச்சினன் ஹர்த்தால் நட்சத்திரத்தில் பிறந்தவர் என்று அத்தான் வித்துரா முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மூன்றாம் வயதில் காதுகுத்து என்று ஒரு வருஷம் முன்னாலேயே முடிவானது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. அவன் கொண்டுவருகிற கடுக்கனைத்தான் போடுவது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அக்காள் கடைக்கு போன் போட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"தம்பி, காதுகுத்துக்கும் நீ வரலைன்னா இவுக சித்தப்பா மகன் செல்வராஜ் மடியில பிள்ளைய வச்சிருவாங்கடா. இப்பவே பேசி வச்சிருக்காங்க. அப்புறம் எனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்குன்னு யாருகிட்டச் சொல்லுவேன்?"

"ஹர்த்தால் வந்தா என்னக்கா? சைக்கிள்ல வாறேன்."

வாய் சொல்லிவிட்டது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நம்பிக்கை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வித்துரா திருவனந்தபுரத்திலிருந்து நாற்பது கிலோமீட்டர் இருக்கும். கண்ணன் இதைக் கேட்டால் அது வார்ம்-அப் என்பான். நான் அதுவரை சைக்கிளில் போன மிக நீண்ட தூரம் ஸ்ரீவராகத்திலிருந்து சாலைக் கடைத்தெரு, அதுவும் வண்டி நுழையாத சந்துகளுக்குள்ளேயே. நடந்து போனால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். ஆகவே பயிற்சி வேண்டும் என்று முடிவானது. பயிற்சியாளனாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவன் சசி. பக்கத்து எலக்ட்ரிக் கடையில் வேலை பார்த்த மலையாளி, என் வயதுதான். அவனுக்குச் சைக்கிள் விடத் தெரியாது. அது ஒரு குறையாக எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பின்னால் கேரியரில் உட்கார்ந்துகொண்டு, வெயிலுக்குக் குடை பிடித்தபடி, எனக்குப் பயிற்சி கொடுப்பான்.

எப்போது பழகுவது என்பதிலும் அவன்தான் தெளிவாக இருந்தான்.

"எடா, ஹர்த்தாலுக்குத் தானே நீ போகணும்? அப்போ ஹர்த்தாலுக்கே ப்ராக்டீஸ். கடை லீவு, ரோடு காலி. எந்தா குழப்பம்?"

எனக்கும் ஒரு குழப்பமும் தெரியவில்லை. இதில் உள்ள ஓட்டை உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய ஒரு வருஷம் ஆனது.

ஹர்த்தால் காலையின் திருவனந்தபுரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தம்பானூரில் பஸ் நிற்கிற இடத்தில் நாய்கள் வரிசையாகப் படுத்திருக்கும், வித்துரா போகிற நாய், நெய்யாற்றின்கரை போகிற நாய் என்று அந்தந்த இடத்தில். ரயிலில் வந்து மாட்டிக்கொண்டவர்கள் பெட்டி மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பார்கள். கிழக்கேகோட்டையில் பையன்கள் நடுரோட்டில் ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். தார் ரோட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும். மற்ற நாட்களில் அது டீசல் புகைக்கு அடியில் கிடக்கும். அந்த ரோட்டின் நடுவில், வெள்ளைக் கோட்டின் மேலேயே, ஒரு ராஜாவைப் போல நான் சைக்கிள் விட்டேன். ராஜாவுக்குப் பின்னால் குடை பிடித்து ஒருவன்.

சட்டை விஷயத்தில் மட்டும் கவனமாக இருந்தேன். எந்தக் கட்சி ஹர்த்தால் என்று முந்தின நாளே கேட்டு அந்தக் கொடிக்குப் பொருந்துகிற நிறத்தில் போட்டுக்கொள்வேன். ஒருமுறை ஓவர்பிரிட்ஜ் பக்கம் ஊர்வலக்காரர்கள் நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். பின்னாலிருந்து சசி, காதுகுத்துக்கு ப்ராக்டீஸ் என்றான். அவர்களில் ஒருவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், ஸ்டாச்சு ஜங்ஷன் வரைக்கும் உள்ள ஏற்றம் முழுவதும் நாலைந்து பேராகச் சேர்ந்து எங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். கோஷத்தை மட்டும் நிறுத்தவில்லை. நான் அன்றைக்கு ஒரு கட்சியை முன்னின்று நடத்தியவன் என்று இன்றும் சொல்லிக்கொள்ளலாம். எந்தக் கட்சி என்பது மறந்துவிட்டது. சட்டை நீலம்.

முதல் ஹர்த்தாலுக்குப் பாளையம் வரை போனோம். அடுத்ததற்குப் பேரூர்க்கடை. ஒரு நல்ல மழைக்கால ஹர்த்தாலில் நெடுமங்காட்டு ஏற்றத்தின் அடிவாரத்தைத் தொட்டுவிட்டு வந்தோம். சசி வாழையிலையில் புட்டும் பழமும் கட்டிக்கொண்டு வருவான். நான் மிதிப்பேன். அவன் தின்பான். "பதுக்கே சவிட்டு, பதுக்கே" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். மெதுவாக மிதி என்பது அதற்கு அர்த்தம். குடைக்குக் காற்று பிடிக்கிறதல்லவா.

வீட்டிலும் பயிற்சி உண்டு. காலுக்கு வலு வேண்டும் என்று காலையில் அறைக்குள் தோப்புக்கரணம் போடுவேன். வீட்டுக்கார மாமி ஜன்னல் வழியாக ஒரு வாரம் பார்த்தாள். எட்டாம் நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "ஏண்டாப்பா, கார்த்தாலே எழுந்து இத்தனை போடறயே. பிள்ளையாருக்கு அப்படி என்ன தப்புப் பண்ணிப்டே?"

வித்துராவில் கோயிலில் வைத்துக் காதுகுத்து என்று தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். அந்த வாரத் தொடக்கத்தில், நீங்கள் நம்பமாட்டீர்கள், அதே வெள்ளிக்கிழமைக்கு ஒரு கட்சி ஹர்த்தால் அறிவித்தது. அந்தச் செய்தியைக் கேட்டுக் கேரளத்தில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். முதலாளி கை கொடுத்தார். கடைப் பையன்கள் டயருக்குக் காற்று அடித்து வைத்தார்கள். அத்தானுக்கு நானே போன் போட்டு, ஹர்த்தாலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், நான் வருகிறேன் என்று பெரிய மனுஷத்தனமாகச் சொன்னேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் டீக்கடை டிவியில் செய்தி வந்தது. பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது, ஹர்த்தால் வாபஸ். கடையில் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நானும் சசியும் துக்க வீட்டில் நிற்கிற மாதிரி நின்றோம். இந்தக் கட்சிகளை நம்பி ஒரு காரியத்திலும் இறங்கக் கூடாது என்றான் சசி.

கடை சாத்துகிற நேரத்தில் அத்தானிடமிருந்து போன்.

"மாப்ள, நியூஸ் கேட்டீரா? பஸ் ஓடுது. பேசாம பஸ்ஸுலயே வாரும். நாங்க ஒண்ணும் சிரிக்க மாட்டோம்."

அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் அவர் விட்டிருந்தால் நான் பஸ்ஸில் போயிருப்பேன். இந்தக் கட்டுரையும் இருந்திருக்காது.

சசிகூட பஸ்ஸில் போகத்தான் சொன்னான். "ப்ராக்டீஸ் கிடக்கட்டும். நின்றெ அக்காள் காத்திருக்கும், பஸ்ஸில போ." ஒரு வருஷப் பயிற்சியில் அவன் சொன்ன ஒரே உருப்படியான யோசனை அது. அதைத்தான் நான் கேட்கவில்லை. பயம் என்பது எனக்குக் கொஞ்சமும் இல்லை. அதற்குக் காரணம் துணிச்சல் இல்லை, விவரமின்மை. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

மறுநாள் கோழி கூவுவதற்கு முன் கிளம்பினேன். கேரியரில் சீர்: பெரிய பித்தளைத் தாம்பாளம் ஒன்று, அதற்குள் அக்காளுக்குப் புடவை, அத்தானுக்கு வேட்டி, பிள்ளைக்குச் சட்டை, ஒரு டின் முறுக்கு. கடுக்கன் கைக்குட்டையில் முடிந்து சட்டைப்பையில், ஊக்குக் குத்தி. முதல் மிதியிலேயே சைக்கிள் பறந்தது. ஒரு வருஷமாகச் சசியைச் சுமந்த சைக்கிள் அல்லவா, அவன் இல்லாமல் ஒரு பட்டம் மாதிரி எழும்பியது. எனக்குள் இத்தனை பலம் இருப்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறதே என்று உருகிப்போனேன். பேரூர்க்கடையை மூச்சு வாங்காமல் தாண்டினேன். இருந்த பலம் முழுவதையும் அங்கேயே செலவழித்துவிட்டேன் என்பது பிறகு தெரிந்தது.

அதற்குள் விடிந்தது. பஸ்கள் வரத் தொடங்கின.

முதல் பஸ் பின்னாலிருந்து ஹார்ன் அடித்தபோது நான் என்ன செய்தேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. சைக்கிள் ஓடைக்குள் இருந்தது, நான் அதன் மேல் இருந்தேன், தாம்பாளம் கோயில் சேகண்டி மாதிரி நெடுநேரம் முழங்கிக்கொண்டிருந்தது. யோசித்துப் பாருங்கள். ஒரு வருஷம் சைக்கிள் பழகியவன், பெரிய ரோட்டில் இன்னொரு வண்டியைப் பார்த்ததே இல்லை. நடுக்கோட்டை விட்டு ஓரத்துக்கு வரவே தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஹார்னுக்கும் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அட்டென்ஷனில் நின்றேன். சில டிரைவர்கள் பதிலுக்கு சல்யூட் வைத்தார்கள்.

இப்படி இறங்கி ஏறி இறங்கி ஏறி நெடுமங்காடு போய்ச் சேர்ந்தபோது வெயில் சுள்ளென்று வந்துவிட்டது. ஏற்றத்தில் சைக்கிளை நான் தள்ளினேன் என்று சொல்வது மரியாதைக்காக. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். சுள்ளிமானூரில் ஒரு டீ குடித்து முறுக்கு டின்னைத் திறந்தால் உள்ளே மாவு இருந்தது. அள்ளித் தின்றேன். காதுகுத்து நல்ல நேரம் உச்சிக்கு முன்னால் முடிகிறது. முதல் தடவையாக அக்காளின் குரல் ஞாபகம் வந்தது, போனில் அவள் சிரித்த சிரிப்பும்.

அப்போதுதான் அந்த பஸ் வந்தது. வழக்கம்போல இறங்கி நின்றேன். வித்துரா பஸ். ஜன்னலில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பவுடர் முகம்: அத்தானின் சித்தப்பா மகன் செல்வராஜ். தலையை வெளியே நீட்டினான்.

"மச்சான், மடி நான் குடுத்துக்கிடுதேன். நீங்க பைய வாங்க."

பஸ் போய்விட்டது. அவன் சிரித்தது மட்டும் கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றது.

அதற்குப் பிறகு நான் எந்த பஸ்ஸுக்கும் இறங்கவில்லை. பஸ்கள்தான் ஒதுங்கிப் போயின. டிரைவர்கள் என் முகத்தைப் பார்த்திருப்பார்கள். தொளிக்கோடு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியாது. ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் நின்றன, நான் மிதித்தேன், தாம்பாளம் அடித்தது, அவ்வளவுதான்.

வித்துரா சந்தைக்குள் நுழைகிற வளைவில் அக்காள் நின்றாள். கோயிலில் இல்லை, ரோட்டில். இடுப்பில் மொட்டைத் தலையும் சந்தனமுமாகக் கண்ணன். நடந்ததைப் பிறகு சொன்னார்கள். கோயிலில் எல்லாம் தயாராகி, செல்வராஜ் பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தும்விட்டானாம். அக்காள் பிள்ளையைக் கொடுக்கவில்லை. தம்பி வருகிறவரைக்கும் பிள்ளை என் இடுப்பை விட்டு இறங்காது என்று சொல்லிவிட்டு எழுந்து ரோட்டுக்கு வந்துவிட்டாள். மாமியார் கூப்பிட்டும் திரும்பவில்லை. நான் கிட்டே வந்ததும் அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முதுகில் ஓங்கி ஒரு அடி.

"பஸ்ல வந்தா என்னடா, எருமை."

அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்கும் அதே நிலைமை.

கோயிலுக்குள் போனதும் செல்வராஜ் பலகையை விட்டு எழுந்தான். நான் ஜெயித்தவனாக உட்கார்ந்தேன். கடுக்கனை எடுத்துத் தட்டில் வைத்தேன். பிள்ளையை மடியில் வைத்தார்கள். ஆசாரி காதில் சந்தனப் பொட்டு வைத்து ஊசியைக் கொண்டுவந்தார். கொண்டுவந்தவர் நிறுத்திவிட்டார்.

என் தொடை ஆடியது. நான் ஆட்டவில்லை, அது தானாக ஆடியது. இரண்டு தொடைகளும் தனித்தனித் தாளத்தில் துள்ள, அதன் மேல் கண்ணன் குலுங்கிக்கொண்டிருந்தான். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது. ஆசாரி ஊசியை நெருக்குவார், பிள்ளை நகர்ந்துவிடுவான். நான் பல்லைக் கடித்தேன். தாடையும் ஆடியது.

"இது மடியா, அரவை மில்லா?" என்றார் ஆசாரி. "மாமன நிப்பாட்டுங்கய்யா. அப்புறந்தான் ஊசி."

செல்வராஜ் ஒரு அடி முன்னால் வந்தான். அக்காள் அவனைப் பார்க்கவே இல்லை. புருஷனைப் பார்த்தாள்.

"அமுக்கிப் பிடிங்க" என்றாள்.

அத்தான் ஒரு விநாடி நின்றார். பிறகு பட்டு வேட்டியோடு தரையில் மண்டியிட்டு என் இடது தொடையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். வலது தொடைக்கு ஆள் வேண்டும் என்று செல்வராஜைக் கண்ணால் கூப்பிட்டார். வெள்ளை வேட்டியைக் கொஞ்சம் பார்த்துவிட்டு அவனும் உட்கார்ந்தான். வித்துராவில் எந்தத் தாய்மாமனுக்கும் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு மரியாதை நடந்ததில்லை. இடது காது சுத்தமாக முடிந்தது. பிள்ளை அழுவான் என்று சர்க்கரையோடு நின்றார்கள். அவன் அழவில்லை. ஆட்டம் நின்றுபோனதுதான் அவனுக்கு வருத்தம். மாமா இன்னும் ஆட்டு என்றான். அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த மனுஷர், என் முட்டியில் தலையை வைத்து விழுந்து விழுந்து சிரித்தார். பிடி விட்டுப்போனது. ஆசாரி வலது காதில் ஊசியை இறக்கிய நேரமும் அதுதான்.

திரும்பும்போது அத்தானின் வாழைக்குலை லாரியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு வந்தேன். போகவும் வரவும் மிதித்தேன் என்று சசியிடம் சொன்னேன். நம்பினானா என்று தெரியாது. மறுநாள் எல்லாரிடமும் அவன்தான் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான், தன் கோச்சிங்கின் வெற்றி என்று. பத்து நாள் கழித்து அக்காள் போன் பண்ணினாள். புண் ஆறிவிட்டது, வலது காதில் ஓட்டை கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது என்றாள். எவ்வளவு கீழே என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றாள்.

சசி இப்போது துபாய்ப் பக்கம் அஜ்மானில் இருக்கிறான். கார் விடுவானாம். பாத்திரக்கடை கண்ணாடிக் கதவு போட்டுக்கொண்டு ஏ.சி.க்குள் போய்விட்டது. என் சைக்கிளை யாரிடம் கொடுத்தேன் என்பதே ஞாபகம் இல்லை. ஹர்த்தாலும் முன்போல வருவதில்லை. அபூர்வமாக ஒன்று வந்தாலும் பாதி வண்டி ஓடுகிறது, பாதிக் கடை திறந்திருக்கிறது. இது நல்லதுதான், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் பரீட்சைக்குப் போகிறவர்களும் பிழைத்தார்கள். இருந்தாலும் ஓவர்பிரிட்ஜ் பக்கம் சிக்னலில் நிற்கும்போது, இந்த வெள்ளைக் கோட்டின் மேல் ராஜா மாதிரி போனோமே என்று நினைத்துக்கொள்வேன். தாரின் வாசனை மறுபடி அடித்ததே இல்லை.

கண்ணன் காப்பி டம்ளரை வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தான். பத்தாம் வகுப்பில் கூட்டாளிகள் கேலி பண்ணுகிறார்கள் என்று கடுக்கனைக் கழற்றியவன் பிறகு போடவே இல்லை. நான் அவன் தாடையைப் பிடித்து முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். இடது காது மூடி வழவழப்பாகிவிட்டது, அங்கே ஒன்றும் இல்லை. வலது காதில், சற்றுக் கீழே, கடுகளவு ஒரு புள்ளி.

"எந்தா மாமா பாக்கிறீங்க?"

"கன்னியாகுமரிக்கு பஸ் ஓடுதுடா" என்றேன். "பேசாம பஸ்ஸுலயே போ. நாங்க ஒண்ணும் சிரிக்க மாட்டோம்."

அவனுக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. மாமாவுக்கு வயதாகிவிட்டது என்பது போலச் சிரித்துவிட்டுத் தொப்பியை மாட்டினான். அதன் வார் காதோரமாக இறங்கி அந்தப் புள்ளியை மூடியது. போனை அழுத்தி எதையோ தொடங்கிவிட்டு, ஓரமாகவே, பஸ்களுக்கு வழி விட்டுக்கொண்டு போனான். நன்றாகப் பழகியிருக்கிறான்.